மூளைக் காய்ச்சல்: கொக்கும் பன்றியும் கொசுவும் சொல்லும் வரலாறு

மூளைக் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டாலே பெற்றோர்களுக்கு ஒரு பயம் வரும். காலையில் விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைக்கு மாலையில் காய்ச்சல். மறுநாள் தலைவலி, வாந்தி. அதற்கடுத்த நாள் வலிப்பு, பிறகு நினைவிழப்பு. பிழைத்துக் கொண்டாலும் சில பிள்ளைகள் பழையபடி பேசுவதில்லை, நடப்பதில்லை.

இந்த நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஆசியாவில் மிக முக்கியமானது கொசு மூலம் பரவும் 'ஜப்பானிய மூளைக் காய்ச்சல்' வைரஸ். மஞ்சள் காய்ச்சல், டெங்கு ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஆசியாவிலும் மேற்குப் பசிபிக் பகுதியிலும் 24 நாடுகளில் இது பரவக்கூடிய சூழல் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 68,000 பேர் இதனால் நோயுறுகிறார்கள் என்று 2011-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

பெயரில் ஜப்பான் இருந்தாலும் இந்த வரலாற்றில் வேலூருக்கும் மதுரைக்கும் இடம் உண்டு. இன்னொரு விஷயமும் உண்டு. மனிதர்களை மட்டும் பார்த்து இந்த நோயைப் புரிந்து கொள்ள முயன்ற போதெல்லாம் மருத்துவ உலகம் வழி தவறியது. விலங்குகளையும் சேர்த்துப் பார்த்த போதுதான் விடை கிடைத்தது. எப்படி என்று பார்க்க ஜப்பானிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜப்பானில் தொடங்கிய தேடல்

ஜப்பானில் 1870-களிலிருந்தே கோடைக் காலங்களில் ஒரு மூளைக் காய்ச்சல் வந்து போவதை மருத்துவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். 1924-இல் அது மிகப் பெரிய அளவில் தாக்கியது. 6000-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் இறந்து போனார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு மூளை அழற்சி நோய் பரவிக் கொண்டிருந்தது. நோயாளிகளை நாட்கணக்கில் தூக்கத்தில் ஆழ்த்தியதால் அதைத் 'தூக்க நோய்' என்றே மக்கள் அழைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று காட்டுவதற்காக ஐரோப்பிய நோய்க்கு 'ஏ வகை' என்றும் ஜப்பானிய நோய்க்கு 'பி வகை' என்றும் பெயர் வைத்தார்கள். அந்த 'பி' பிற்காலத்தில் உதிர்ந்து விட்டது. 'ஜப்பானிய' என்பது மட்டும் ஒட்டிக் கொண்டது. இந்த வைரஸின் பூர்வீகம் ஜப்பான் அல்ல, இந்தோனேசியா-மலேசியா பகுதியாக இருக்கலாம் என்று மரபணு ஆய்வுகள் பின்னாளில் காட்டின. ஆனால் வைத்த பெயரை யார் மாற்றுவது?

1935-இல் டோக்கியோவில் இறந்து போன ஒரு நோயாளியின் மூளையிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 'நகாயாமா' என்று பெயரிடப்பட்ட அந்த வைரஸ்தான் பிற்காலத்தில் முதல் தடுப்பூசிக்கு மூலப்பொருள் ஆனது. 1938-இல் மிதாமுரா என்ற ஆராய்ச்சியாளரின் குழு அதே வைரஸை 'க்யூலெக்ஸ் டிரைட்டினியோரிங்கஸ்' என்ற கொசுவில் கண்டுபிடித்தது. நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் கொசு அது.

ஆக, கடிப்பது கொசு என்று தெரிந்து விட்டது. ஆனால் கொசுவுக்கு வைரஸ் எங்கிருந்து வந்தது?

கொக்கும் பன்றியும்

நோயுற்ற மனிதனைக் கடித்துத்தான் கொசு வைரஸை வாங்குகிறது என்று நினைப்பது இயல்பு. மலேரியாவும் டெங்குவும் அப்படித்தான் பரவுகின்றன. ஆனால் இந்த நோயில் கணக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வந்த மனிதனின் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாகவே, அதுவும் மிகக் குறுகிய நேரமே இருக்கிறது. அவனைக் கடிக்கும் கொசுவுக்கு அது தொற்றுவதில்லை. குதிரைகளுக்கும் இந்த நோய் வரும், அவையும் இறக்கும். ஆனால் குதிரையிடமிருந்தும் அது மேற்கொண்டு பரவுவதில்லை. மனிதனும் குதிரையும் இந்த வைரஸுக்கு முட்டுச் சந்து போன்றவர்கள்.

இந்தப் புதிரை அவிழ்த்தவர்கள் 1950-களில் டோக்கியோ பகுதியில் வேலை செய்த புஷர், ஷெரர் ஆகிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய குழுவினரும். மருத்துவமனைக்குள் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொக்குகள் கூடு கட்டும் தோப்புகளுக்கும் பன்றிக் கொட்டில்களுக்கும் நெல் வயல்களுக்கும் போனார்கள். பல பருவங்கள் தொடர்ந்து பறவைகளின் இரத்தத்தையும் பன்றிகளின் இரத்தத்தையும் கொசுக்களையும் சேகரித்துப் பார்த்தார்கள். 1959-இல் அவர்களுடைய முடிவுகள் வரிசையாக வெளிவந்தன.

அவர்கள் கண்டது இதுதான். வக்கா, வெள்ளைக் கொக்கு போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் வைரஸ் பெருகுகிறது. பறவைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அதைக் கடித்த கொசு பன்றியைக் கடிக்கிறது. பன்றியின் இரத்தத்தில் சில நாட்களுக்கு வைரஸ் மிக அதிகமாகப் பெருகுகிறது. வளர்ந்த பன்றிக்குப் பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் தெரியாது. அந்த நாட்களில் அதைக் கடிக்கும் கொசுக்கள் எல்லாம் வைரஸைச் சுமந்து கொண்டு கிளம்புகின்றன.

பன்றிக்கு ஒருமுறை வந்து போனால் எதிர்ப்பு சக்தி வந்து விடும். பிறகு அதனால் ஆபத்தில்லை. ஆனால் பண்ணையில் ஒரு பன்றி எத்தனை நாள் இருக்கும்? ஒரு வயதாகும் முன்பே பெரும்பாலானவை இறைச்சிக்குப் போய் விடும். அவற்றின் இடத்தில் எதிர்ப்பு சக்தியே இல்லாத புதிய குட்டிகள் வந்து விடும். ஆண்டுதோறும் வைரஸுக்குப் புதிய வயல் தயார்! மனிதன் தன் தேவைக்காக நெல்லையும் பன்றியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தான். வைரஸுக்கு அதுவே வசதியாகிப் போனது.

வேலூர், 1955

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட இடம் அன்றைய சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டம். 1955-இல் வேலூர் பகுதியில் மூளைக் காய்ச்சலுடன் வந்தவர்களின் இரத்தம் புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952-இல் தொடங்கிய மையம் அது. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அங்கே டெல்ஃபோர்ட் வொர்க், கே.வி. ஷா இருவரும் அந்த இரத்தத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டி 1956-இல் கட்டுரை எழுதினார்கள்.

அதற்குப் பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்த நோயின் ஆய்வுக்கு ஒரு முக்கியமான இடமாக ஆனது. கேரி, மையர்ஸ், ரேச்சல் ரூபன் போன்றவர்கள் நோயாளிகளையும் கொசுக்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 1958-இல் வேலூரில் கிடைத்த 'பி20778' என்ற வைரஸ் மாதிரியின் முழு மரபணு வரிசை 1999-இல் வெளியிடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்துப் பாதுகாத்து வைத்த ஒரு மாதிரி பின்வந்த தலைமுறைக்குப் பயன்பட்டது!

வேலூரில் கண்ட நோய் அப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தெரிந்தது. அதனால் நாட்டின் கவனம் பெரிதாகத் திரும்பவில்லை. 1973-இல் மேற்கு வங்காளத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் கொள்ளை நோயாகப் பரவி நூற்றுக்கணக்கானோர் இறந்த போதுதான் இதன் உண்மையான முகம் தெரிந்தது. 1978-இல் உத்தரப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்களுக்கு அது பரவியது.

வயல் கொசுவும் மதுரை ஆய்வும்

1985-இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. ரேச்சல் ரூபன் இந்த மையத்துக்குத் தலைமை ஏற்றிருந்தார். தமிழ்நாட்டின் நெல் வயல்களில் இந்தக் கொசுக்கள் எப்படி வாழ்கின்றன என்பதை அங்கிருந்தவர்கள் ஆராய்ந்தார்கள்.

வீட்டுச் சாக்கடையில் வளரும் கொசுவும் இதுவும் ஒன்றல்ல. இது நாற்று நட்ட வயலின் தெளிந்த நீரில் முட்டையிடும். பொழுது சாய்ந்த பிறகு வெளிவந்து, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் கடிக்கும். மனிதனை விட மாட்டின் இரத்தம்தான் இதற்கு அதிகம் பிடிக்கும். மாட்டின் உடலில் வைரஸ் பெருகாது என்பதால் மாட்டைக் கடித்த கடி எல்லாம் வைரஸைப் பொறுத்தவரை வீண். ஊரில் மாடுகள் நிறைய இருந்தால் கொசுவின் கவனம் மாட்டுப் பக்கம் போகும் என்பது ஒரு நன்மை. ஆனால் மாட்டின் இரத்தத்தைக் குடித்துக் கொசுவின் எண்ணிக்கை பெருகும் என்பது அதன் மறுபக்கம்.

வீட்டுக்குள் மருந்து அடித்தால் வயலில் இருக்கும் கொசு சாகுமா? வயல் முழுவதும் மருந்து அடிப்பது கட்டுப்படியாகுமா? இரண்டுமே கடினம். அதனால் மதுரை ஆய்வாளர்கள் விவசாயி ஏற்கெனவே செய்யும் வேலையிலேயே வழி தேடினார்கள். வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியாவை வயலில் இட்டுப் பார்த்தார்கள். தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல் இடையிடையே வடித்து விட்டுப் பார்த்தார்கள். இவற்றால் கொசுப் புழுக்கள் குறைவதைக் கண்டார்கள். உரம் வீணாகாமல் இருக்க விவசாயிக்கும் அது உதவும். மருந்துக் கடையில் கிடைக்காத ஒரு மருந்து வயலிலேயே இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி!

தவறான பெயரின் விலை: மலேசியா, 1998-99

இந்த வரலாற்றில் மிகவும் வேதனையான பகுதி மலேசியாவில் நடந்தது. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ நகருக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பன்றி, மூளைக் காய்ச்சல் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தால் உடனே நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக் காய்ச்சல்தானே? சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் இருந்தது. முடிவு செய்து விட்டார்கள். கொசு மருந்துப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

உன்னிப்பாகப் பார்த்திருந்தால் சில விஷயங்கள் உறுத்தியிருக்கும். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே நோயுற்றவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். கொசு யாரையும் கடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது. தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களும் நோயுற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே பலமாக இருமிக் கொண்டிருந்தன. சில செத்தும் போயின. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் வளர்ந்த பன்றிகள் அப்படி இருமிச் சாவதில்லை.

இதற்குள் நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டு நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பண்ணைகளுக்குப் போய் விட்டன. அங்கே நோய் இன்னும் பெரிதாக வெடித்தது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஒரு நோயாளியிடமிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவுக்குக் கொண்டு போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த போது அது ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸின் குடும்பமே இல்லை என்று தெரிந்தது. தட்டம்மை வைரஸின் தூரத்து உறவு அது! சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது 'நிபா' என்று அழைக்கப்பட்டது. அதற்கும் கொசுவுக்கும் சம்பந்தமே இல்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்திருந்தது.

மலேசியாவில் 265 பேர் மூளைக் காய்ச்சலுக்கு ஆளாகி 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நோய்க்கு வைத்த பெயர் தவறாக இருந்ததால் மாதக்கணக்கில் காலம் போய் விட்டது. பன்றியின் இருமலை யாராவது முன்பே பொருட்படுத்தியிருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும்?

அதே ஆண்டு நியூயார்க்கில்

வேடிக்கை என்னவென்றால் அதே 1999-இல் நியூயார்க்கிலும் இதே தவறு நடந்தது. ஆகஸ்ட் மாதம் குயின்ஸ் பகுதியில் முதியவர்கள் சிலருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த 'செயின்ட் லூயி' வைரஸ் என்று அறிவித்தார்கள். அதே நாட்களில் நகரம் முழுவதும் காக்கைகள் செத்து விழுந்து கொண்டிருந்தன. பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் பூநாரைகளும் இறந்தன.

அந்தப் பூங்காவின் நோயியல் நிபுணர் டிரேசி மெக்நமாரா இதை விடவில்லை. செயின்ட் லூயி வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லை. குதிரைகளைத் தாக்கும் இன்னொரு அமெரிக்க வைரஸாக இருந்தால் ஈமு பறவைகள்தான் முதலில் செத்திருக்க வேண்டும். அவையோ நலமாக இருந்தன. அப்படியானால் இது புதிதாக வந்த ஒன்று என்று அவர் வாதாடினார். கடைசியில் அது மேற்கு நைல் வைரஸ் என்று உறுதியானது. அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை காணப்படாத வைரஸ். அந்த ஆண்டு அங்கே 62 பேர் நோயுற்று 7 பேர் இறந்தார்கள்.

தடுப்பூசியின் கதை

ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து இல்லை. வலிப்பை அடக்கலாம், மூச்சுக்கு உதவலாம், மூளை வீக்கத்தைக் கவனிக்கலாம். மற்றதெல்லாம் உடலின் பொறுப்பு. தொற்று ஏற்பட்ட சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடும் நோய் வருகிறது. ஆனால் வந்து விட்டால் 30 சதவீதம் வரை இறக்கக் கூடும். பிழைத்தவர்களிலும் பலருக்கு நிரந்தரப் பாதிப்பு. ஆகவே தடுப்பூசியே பெரிய ஆயுதம்.

1954-இல் ஜப்பான் நகாயாமா வைரஸை எலியின் மூளையில் வளர்த்துத் தடுப்பூசி செய்தது. அதோடு பன்றிப் பண்ணைகளும் ஊரை விட்டு விலகின, வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. 1960-களில் ஆயிரக்கணக்கில் இருந்த நோயாளிகள் 1990-களில் ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவாக ஆனார்கள். கொக்குகளும் பன்றிகளும் கொசுக்களும் இன்னும் அங்கே இருக்கின்றன. வைரஸும் இருக்கிறது. குழந்தைகள் மட்டும் காப்பாற்றப்பட்டு விட்டார்கள்.

இந்தியாவிலும் கசௌலியில் எலி மூளைத் தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. பல தவணை போட வேண்டும், செலவும் அதிகம். சீனாவோ 1954-இல் கிடைத்த ஒரு வைரஸை ஆய்வகத்தில் படிப்படியாகப் பலவீனப்படுத்தி 'எஸ்.ஏ. 14-14-2' என்ற விலை குறைந்த உயிருள்ள தடுப்பூசியை உருவாக்கி 1988-இல் அனுமதித்தது. அது இந்தியாவுக்கு வர ஒரு பெரிய துயரம் தேவைப்பட்டது.

கோரக்பூர்

2005-இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் பற்றி எரிந்தன. 5,737 பேர் நோயுற்று 1,344 பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். வேலூரில் நோய் கண்டறியப்பட்டு அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன!

அடுத்த ஆண்டே அரசு சீனத் தடுப்பூசியை வரவழைத்தது. 2006-இல் அசாம், கர்நாடகம், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் 11 மாவட்டங்களில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2013-இல் கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸைக் கொண்டு இந்தியாவிலேயே உருவான 'ஜென்வாக்' தடுப்பூசி வந்தது.

தடுப்பூசிக்குப் பிறகும் கோரக்பூரில் பிள்ளைகள் மூளைக் காய்ச்சலோடு வந்து கொண்டே இருந்தார்கள். சோதித்தால் ஜப்பானிய வைரஸ் இல்லை. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு அவர்களில் பெரும்பகுதியினருக்கு வந்தது 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்று தெரிந்தது. புதர்களில் வாழும் மிக நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் பாக்டீரியா நோய் அது. எலிகளின் உடலில் அந்தப் பூச்சி ஒட்டி வாழும். டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படக் கூடிய நோய்! மலேசியாவில் நடந்ததேதான் இங்கும். பழைய பெயர் புதிய நோயை மறைத்து விட்டது.

பன்றிகள் கொடுத்த எச்சரிக்கை

2022-இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களில் பல பன்றிப் பண்ணைகளில் குட்டிகள் செத்துப் பிறந்தன. சினைப் பன்றிக்கு ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் நடக்கும். கால்நடை மருத்துவர்கள் மாதிரிகளை அனுப்பினார்கள். அந்தப் பகுதிகளில் அதற்கு முன் காணப்படாத வைரஸ் வந்து சேர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உறுதியானது. உடனே மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போனது. கொசுக் கண்காணிப்பும் தடுப்பூசியும் தொடங்கின. 40-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று 7 பேர் இறந்தார்கள் என்றாலும், இந்த முறை நோய்க்குச் சரியான பெயர் சீக்கிரமே கிடைத்தது. காரணம் பன்றிகளை யாரோ கவனித்துக் கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

ஒரு கொசுக்கடியில் முடியும் இந்த நோய் கொக்கின் கூட்டிலும் பன்றிக் கொட்டிலிலும் நெல் வயலிலும் தொடங்குகிறது. மனிதனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், மாட்டுக்கும் பன்றிக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், வயலில் தண்ணீர் கட்டும் விவசாயியும் ஒருவரோடு ஒருவர் பேசிக் கொண்ட இடங்களில் உயிர்கள் பிழைத்தன. பேசாத இடங்களில் பிள்ளைகள் இறந்தார்கள். நூறு ஆண்டு வரலாறு சொல்வது இவ்வளவுதான். அடுத்த முறை ஊரில் காக்கை செத்து விழுந்தாலோ, பண்ணையில் குட்டிகள் செத்துப் பிறந்தாலோ, அதை யாரிடமாவது சொல்வது நல்லது. அது ஏதோ ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தியாக இருக்கலாம்.